முதலில் கால், பிறகு கை: வன்னி மைதானத்தில் வைட் ரிசீவராகப் பழகுவது

பாய்ந்து விழுந்து பந்து பிடிக்கிற ஆள்தான் வைட் ரிசீவர் என்று அமெரிக்கன் ஃபுட்போலைத் தொலைபேசியில் துண்டு துண்டாகப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். முதல்தர ரிசீவர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஏழெட்டுப் பந்து பிடித்தால் அது அவருக்கு நல்ல நாள். அதே ஆட்டத்தில் அவர் 50, 60 தடவை கோட்டிலிருந்து புறப்பட்டு ஓடியிருப்பார். அந்த ஓட்டங்களில் பெரும்பாலானவற்றில் பந்து அவர் பக்கமே வராது. இருந்தாலும் அத்தனையையும் சரியான தூரத்தில், சரியான காலடியில், சரியான நேரத்தில் ஓடியிருக்க வேண்டும். சம்பளம் அதற்குத்தான். கையைப் பழக்குவதற்கு முன் காலைப் பழக்கச் சொல்வது இதனால்தான். காலைப் பழக்க விலையுயர்ந்த சாமான் எதுவும் வேண்டியதில்லை. கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு பாடசாலை மைதானமும் நூறு அடிக் கயிறும் போதும்.

பந்து, நிலம், காற்று

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-இன் பந்து 11 முதல் 11¼ அங்குலம் நீளம். நடுவயிற்றுச் சுற்றளவு 21 முதல் 21¼ அங்குலம், எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 400 முதல் 425 கிராம். காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்வதுதான் சுலபமான வழி. காற்றை இறக்கித் தட்டையாக்கினால் பெட்டியில் இடம் பிடிக்காது. பெரியவர்கள் ஆடும் அளவுதான் வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். சிறுவர் பந்து வந்தால் விரல் தவறான பிடியைப் பழகிவிடும்.

அதுவரை றக்பி பந்தில் பழகலாம். ஆனால் பெரியவர்களுக்கான 5ஆம் இலக்க றக்பி பந்தின் சுற்றளவு 58 முதல் 62 சென்ரிமீற்றர், அமெரிக்கப் பந்தினுடையது 54 சென்ரிமீற்றருக்குள். இந்த வித்தியாசம் பிடிப்பவரை விட எறிபவரைத்தான் வருத்தும். 4ஆம் இலக்கம் கிடைத்தால் அதை எடுங்கள். எறிபவராக உங்கள் கழகத்தில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்டுக்கு நேராக எறியக்கூடிய கிரிக்கெட்காரரைப் பிடியுங்கள். மோதிர விரலும் சின்ன விரலும் பந்தின் நூல் தையல்மேல் இருக்க, உள்ளங்கைக்கும் பந்துக்கும் இடையில் கொஞ்சம் வெளி விட்டு எறிந்தால் சில கிழமைகளில் பந்து சுழன்று போகத் தொடங்கும். 20, 25 யார்ட் வரை நேராக எறிந்தாலே ஆரம்பத்துக்குத் தாராளம்.

முழு மைதானம் 120 யார்ட் நீளம், 53⅓ யார்ட் அகலம். அதை அளக்கத் தேவையில்லை. கயிற்றில் 15 அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள், அது 5 யார்ட். அதை வைத்து 25 யார்ட் நீளத்துக்குச் சுண்ணாம்பாலோ சாம்பலாலோ குறுக்குக் கோடுகள் இழுங்கள். பக்கக் கோடு ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ரிசீவரின் பாதி வேலை அந்தக் கோட்டோரத்தில்தான். என்.எஃப்.எல்-இல் இரண்டு காலும் கோட்டுக்குள் பட்டால்தான் பிடி செல்லும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும், இடிபாடில்லாமல் இடுப்பு நாடாவை இழுத்து ஆடும் ஃபிளாக் ஃபுட்போலிலும் ஒரு கால் போதும். இரண்டு காலுக்குப் பழகினவருக்கு ஒரு கால் பிரச்சினையே இல்லை, ஆகவே இரண்டையே பழகுங்கள்.

அறுவடை முடிந்த வயல் வெளியாக இருக்கிறதே என்று அங்கே ஓட வேண்டாம். வெடித்த நிலத்தில் கால் புரளும். இந்த ஆட்டத்தில் வேகத்தோடு ஒற்றைக் காலில் திரும்புகிறோம், கணுக்கால் தாங்காது. கிரவல் நிலமும் அப்படித்தான், சறுக்கும். குளத்து அலைகரை கோடையில் ஓட நல்லது, ஆனால் அங்கே நேர் ஓட்டம் மட்டும். வெறுங்காலோடு பழகாதீர்கள், நெருஞ்சி முள் ஒரு பக்கம், பெருவிரல் காயம் மறு பக்கம். உதைபந்துச் சப்பாத்து போதுமானது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தப் பந்து நிலத்தில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது, எறிந்த பந்துகளில் பல மைதானத்துக்கு வெளியே போகும். பற்றைக்குள் போன பந்தை ஓடிப் போய் எடுக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ மிதிவெடி அகற்றும் ஆட்கள் கட்டிய நாடாவோ உள்ள பக்கம் இருந்தால் அந்த மைதானத்தில் ஆழமான எறிகளைப் பழகவே கூடாது. பந்து போனால் போகட்டும்.

மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் பலமாக அடிக்கும். காற்றுக்கு எதிரே எறிந்த நீளப் பந்து தொங்கிக் குறுகி விழும், காற்றோடு எறிந்தது தலைக்கு மேலால் போய்விடும். அந்த மாதங்களில் குறுகிய ரூட்டுகளை, அதாவது ரிசீவர் ஓடும் பாதைகளை, காற்றுக்கு எதிராகவும் நீண்டவற்றைக் காற்றோடும் வையுங்கள். எறிபவரின் தோளும் தப்பும்.

கிளித்தட்டு தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது

நிற்கும் நிலை: ஒரு கால் முன்னே, மற்றது ஒன்றரை அடி பின்னே. உடல் எடையின் பெரும்பகுதி முன்காலின் முன்பாதத்தில். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டம் தொடங்கியதும், பின்கால்தான் முதலில் முன்னே வர வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, முன்காலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து வைத்துவிட்டுப் புறப்படுவது. அந்த ஒரு பொய்க்காலடி கால் செக்கனைத் தின்னும். முன்காலுக்குப் பின்னால் ஒரு தென்னோலைத் துண்டை வைத்துப் பழகுங்கள். மிதித்தால் சத்தம் கேட்கும்.

எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரர் கோனர்பாக். அவர் 7, 8 யார்ட் தள்ளி நின்றால் நேரே அவரை நோக்கி முழு வேகத்தில் ஓடலாம். முகத்துக்கு முகம் வந்து நின்றால் அதற்குப் பெயர் பிரெஸ். என்.எஃப்.எல்-இல் முதல் 5 யார்ட்டுக்குள் அவர் உங்களைக் கையால் தள்ளி மறிக்கலாம். 1978இல் இருந்து வந்த விதி அது. இந்த இடத்தில்தான் கிளித்தட்டு கைகொடுக்கிறது. கோட்டை மறித்து நிற்பவரை ஒரு பக்கம் சாய வைத்து, அவர் இடுப்பு திரும்பியதும் மறுபக்கத்தால் அடுத்த தட்டுக்குள் பாய்கிறோமே, அதே வித்தைதான். அவர் தோளையும் கண்ணையும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இடுப்பைப் பாருங்கள், இடுப்பு பொய் சொல்லாது.

ஒரு வேறுபாடு உண்டு. கிளித்தட்டில் மறிப்பவர் தன் கோட்டிலேயே நிற்க வேண்டும், கோனர்பாக் உங்களோடு பின்னே ஓடி வருவார். அதனால் தாண்டினால் மட்டும் போதாது. தாண்டியதும் மறுபடி அவருக்கு முன்னால் வந்து, அவரை உங்கள் முதுகுக்குப் பின்னால் விட வேண்டும். கிளித்தட்டில் அரை நிமிடம் ஏய்க்காட்டி நிற்கலாம், இங்கே முடியாது. பந்தை எறிபவரான குவாட்டர்பாக்கின் கையில் பந்து நிற்பது பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று செக்கன்தான். இரண்டு ஏய்ப்புக் காலடிக்கு மேல் ஆடினால் நீங்கள் வெளியே வரும்போது பந்து வேறு ஒருவரிடம் போயிருக்கும். கைக்கும் வேலை உண்டு: அவர் கை நீளும்போது மணிக்கட்டில் தட்டி, உங்கள் மறுகையை அவர் தோளுக்கு மேலால் நீந்துவதுபோல் கொண்டுபோங்கள். ஃபிளாக்கில் இடிபாடு இல்லை, அங்கே காலே எல்லாம்.

ரூட் மரம்

ரிசீவர் ஓடும் பாதைகளுக்கு எண் வைத்திருக்கிறார்கள். அணிக்கு அணி சின்ன மாற்றம் இருந்தாலும் அடிப்படை ஒன்று: ஒற்றை எண் என்றால் பக்கக் கோட்டை நோக்கி, இரட்டை எண் என்றால் மைதானத்தின் நடுவை நோக்கி. இதை மனதில் வைத்தால் மற்றவை தானாக வரும். 1 ஃபிளாட், மூன்று நான்கு யார்ட்டில் வெளியே. 2 ஸ்லான்ட், மூன்று காலடி நேரே, பிறகு சரிவாக உள்ளே. 3 கம்பாக், 15 யார்ட் ஓடி வெளிப்புறமாகத் திரும்பி 12க்கு வருவது. 4 கேர்ள், 12 ஓடி உட்புறமாகத் திரும்பி 10க்கு. 5 அவுட், 10 யார்ட்டில் நேர்கோணத்தில் வெளியே. 6 டிக், 12 அளவில் நேர்கோணத்தில் உள்ளே. 7 கோனர், 12 அளவில் மூலையை நோக்கி. 8 போஸ்ட், அதே ஆழத்தில் கம்பத்தை நோக்கி. 9 மட்டும் விலக்கு: கோ, நேரே, முழு வேகம்.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் தொடாதீர்கள். 2, 4, 5, 9 ஆகிய நான்கையும் இரண்டு மாதம் ஓடுங்கள். மற்றவை இவற்றின் பிள்ளைகள்.

ஏன் தூரத்தில் இத்தனை கண்டிப்பு? குவாட்டர்பாக் நீங்கள் திரும்பிய பிறகு எறிவதில்லை. 5ஆம் ரூட்டில் நீங்கள் இன்னும் முதுகு காட்டி ஓடும்போதே பந்து அவர் கையை விட்டுப் போய்விடும், நீங்கள் வந்து சேரவேண்டிய இடத்துக்கு. 10 யார்ட்டில் திரும்பவேண்டியவர் 12இல் திரும்பினால் அந்தப் பந்து கோனர்பாக்கின் மடியில் விழும். பார்ப்பவர்கள் எறிந்தவரைத் திட்டுவார்கள், பிழை ரிசீவருடையது. ஆகவே முதல் கிழமையில் பந்தே இல்லாமல், 10 யார்ட் கோட்டுக்கு உங்களுக்கு எத்தனை காலடி என்று எண்ணுங்கள். ஒருவருக்கு 6, இன்னொருவருக்கு 8. எந்தக் கால் கோட்டில் ஊன்ற வேண்டும் என்பதும் அதிலேயே முடிவாகும்: வெளியே திரும்ப உட்கால் (மைதான நடுப்பக்கக் கால்) ஊன்ற வேண்டும், உள்ளே திரும்ப வெளிக்கால் (பக்கக் கோட்டுப் பக்கக் கால்). எண்ணிக்கை பொருந்தாவிட்டால் நிற்கும்போது எந்தக் கால் முன்னே என்பதை மாற்றுங்கள், நடுவில் குட்டிக் காலடி வைத்துச் சரிக்கட்டாதீர்கள்.

திரும்பும் கணம்தான் உண்மையான திறமை. ஓட்டம் முழுதும் ஒரே உயரத்தில், மார்பு கொஞ்சம் முன்னே சாய்ந்து இருக்கட்டும். நல்ல கோனர்பாக் பந்தைப் பார்ப்பதில்லை, உங்கள் மார்பு நிமிர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நிமிர்ந்தால் நிற்கப் போகிறீர்கள் என்று அவருக்கு விளங்கிவிடும். ஆகவே இடுப்பை இறக்குங்கள், மார்பைத் தூக்காதீர்கள். கடைசி மூன்று காலடியைக் குறுக்கி, ஊன்றும் கால் உடலுக்குக் கீழேயே விழ வேண்டும். வெளியே தள்ளி ஊன்றினால் சறுக்கும், முழங்காலுக்கும் ஆபத்து. திரும்பியதும் முதலில் தலை, பிறகு தோள். தலை பிந்தினால் பந்து தோளில் மோதும்.

9ஆம் ரூட் சுலபம் என்று நினைக்க வேண்டாம். பக்கக் கோட்டுக்கும் உங்களுக்கும் இடையே நான்கைந்து யார்ட் வெளியை விட்டபடி ஓட வேண்டும். கோனர்பாக் உங்களைக் கோட்டை நோக்கி ஒதுக்குவார், ஒதுங்கிக் கொடுத்தால் எறிபவருக்குப் பந்தை இறக்க இடமில்லாமல் போகும்.

கை

மார்புக்கு மேலே வரும் பந்துக்குப் பெருவிரல்கள் இரண்டும் சேர்ந்திருக்க, சுட்டுவிரல்களோடு ஒரு முக்கோணம். வயிற்றுக்குக் கீழே வருவதற்கும் தோளுக்கு மேலால் பின்னிருந்து வருவதற்கும் சின்ன விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். கரப்பந்தில் செற் பண்ணிப் பழகியவர்களுக்கு மேல்பந்து கெதியாக வரும், வலைப்பந்து ஆடிய பிள்ளைகளுக்குக் கையை நீட்டி எடுப்பதும் தரித்து நிற்பதும் ஏற்கெனவே தெரியும். கிரிக்கெட்காரர் பந்தை மார்போடு வாங்கும் பழக்கத்தை விட வேண்டும். இந்தப் பந்து மார்பில் பட்டால் துள்ளிப் போகும்.

பந்து நழுவுவதற்குக் கை காரணமாக இருப்பது குறைவு. கண்தான் காரணம். பந்து விரலில் படும் முன்பே கண் ஓடவேண்டிய பக்கத்துக்குப் போய்விடுகிறது. பந்தின் இரண்டு முனையிலும் மார்க்கரால் எண்களை எழுதுங்கள், பிடிக்கும்போது எந்த எண் வந்தது என்று உரத்துச் சொல்ல வேண்டும். பிடித்ததும் பந்தைக் கண்ணால் தொடர்ந்து கக்கம் வரை கொண்டுபோய், விரல், உள்ளங்கை, முன்கை, மேற்கை, விலா என ஐந்து இடத்தில் அணைத்த பிறகே தலை நிமிர வேண்டும். இன்னொரு பிழை, நீளப் பந்துக்குக் கையை முன்கூட்டியே நீட்டிக்கொண்டு ஓடுவது. வேகம் குறையும், கோனர்பாக்குக்கும் பந்து வரும் நேரம் தெரிந்துவிடும். கடைசிக் கணத்தில் நீட்டுங்கள்.

ஒரு நாளைக்கு 100 பிடி: மேலே 20, கீழே 20, இடம் வலம் இருபது இருபது, தோளுக்கு மேலால் 20. முதல் 40ஐ முழந்தாளில் இருந்து பிடித்தால் கை மட்டும் வேலை செய்யும். மாரி தொடங்க முன்பே பந்தை வாளித் தண்ணீரில் தோய்த்தெடுத்துப் பழகுங்கள். பின்னேரத்தில் சூரியனைப் பார்த்தபடி பத்துப் பந்து பிடியுங்கள். கையுறை வேண்டாம். ஒட்டும் கையுறை இங்கத்தைய புழுதியில் ஒரு மணித்தியாலத்தில் ஒட்டாமல் போகும், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத்தான் ஆட வேண்டும். வெறுங்கையில் பழகியவர் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

வரலாற்றில் அதிகம் பந்து பிடித்தவர் ஜெரி றைஸ்: 20 பருவங்கள், 1,549 பிடிகள், 22,895 யார்ட். மிசிசிப்பியில் கல் அடுக்கும் மேசனின் மகன். கோடை விடுமுறையில் அப்பாவோடு வேலைக்குப் போய், சகோதரர்கள் எறியும் செங்கற்களைப் பிடித்துப் பிடித்துத்தான் கை உரமேறியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஓய்வுக் காலத்தில் கலிபோர்னியாவில் இரண்டரை மைல் மலைப்பாதையில் ஏறி ஓடுவதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். நமக்கு மலை இல்லை, குளக்கட்டு இருக்கிறது. கட்டின் சரிவில் கீழிருந்து மேலே எட்டு முதல் பத்துத் தடவை, இறங்கும்போது நடை. கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

உடம்பு

பயிற்சி காலை ஐந்தரை முதல் ஏழு, அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. கோடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நீட்டினால் ஒரு பைக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். உப்புப் போட்ட மோரும் நல்லது.

ரிசீவரின் முதல் எதிரி தொடையின் பின்தசை. முழந்தாளில் நின்று, ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடலை நேராக வைத்தபடி மெதுவாக முன்னே சாய்ந்து இறங்கும் பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு நாள், ஆறு ஆறாக மூன்று தடவை செய்யுங்கள். முழு வேக ஓட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடமாவது உடலைச் சூடாக்காமல் 9ஆம் ரூட் ஓடக் கூடாது. பந்தின் கூர்முனை விரல்நுனியில் குத்துவது சாதாரணம். வீங்கினால் பக்கத்து விரலோடு சேர்த்து நாடா சுற்றலாம். விரல்நுனி தொங்கி நிமிராமல் போனால் நரம்பு பிடித்துவிட்டது என்று இழுத்துவிட வேண்டாம். எக்ஸ்ரே எடுத்து, ஆறு கிழமைக்கு மேலாக விரலை நேராகக் கட்டி வைக்க வேண்டியிருக்கும். தலையில் அடிபட்டுக் குழம்பினவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது, அவர் எவ்வளவு கெஞ்சினாலும்.

இதைத் தொழிலாக நினைப்பவர்களுக்கு

வன்னியிலிருந்து நேரே என்.எஃப்.எல்-க்கு வழி இல்லை. வழிக்குக் கிட்டப் போகும் பாதைகள் உண்டு. பக்கத்தில் இருப்பது ஃபிளாக் ஃபுட்போல். அணிக்கு ஐந்து பேர், 25 யார்ட் அகலம், முனைகள் சேர்த்து 70 யார்ட் நீளம், இடிபாடு இல்லை, இடுப்பு நாடாவை இழுத்தால் ஆட்டம் நிற்கும். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்திருக்கிறார்கள். அதனால் பெண்பிள்ளைகளுக்கு இது சமமான கதவு, பாடசாலைகள் இதைக் கவனிக்க வேண்டும். தையற்காரரிடம் கொடுத்து இடுப்புப் பட்டியில் வெல்குறோ ஒட்டி, 15 அங்குலத் துணிநாடா இரண்டு தொங்கவிட்டால் சாமான் தயார். நாடாவைக் கையால் மறைத்து ஓடினால் தவறு. கையைப் பழக்கத்தில் தொங்கவிட்டு ஓடுபவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

கனடாவுக்குப் போகும் பிள்ளைகள் அங்கத்தைய ஆட்டம் வேறு என்று தெரிந்து போக வேண்டும். 12 பேர், 65 யார்ட் அகலம், 10 யார்ட் முன்னேற நான்குக்குப் பதில் மூன்று முயற்சி. ரிசீவர்கள் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டை நோக்கி ஓடி வரலாம்.

என்.எஃப்.எல். 2017 முதல் பிறநாட்டு வீரர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறது. வேல்ஸ் றக்பி ஓரவீரர் லூயி ரீஸ்-சமிற் 2024இல் அதன் வழியாகப் போனார். உலகத்தர வேகம் இருந்தும் வழக்கப் பருவ ஆட்டம் ஒன்றிலும் இறங்காமல் 2025இல் றக்பிக்குத் திரும்பினார். வேகத்தை மட்டும் நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறுபக்கம், என்.எஃப்.எல். அணிகள் புதியவர்களை வரிசையாகத் தெரிவுசெய்யும் டிராஃப்டில் 2023இல் 177ஆவது ஆளாகத் தெரிவான பூகா நக்கூவா முதல் பருவத்திலேயே 105 பந்து பிடித்து 1,486 யார்ட் எடுத்தார். அப்போது இரண்டுமே அறிமுக வீரருக்கான சாதனை.

அணியில் 53 பேர், அதில் ரிசீவர்கள் ஐந்தாறு பேர். தொழில் ஆயுள் சராசரியாக ஏறத்தாழ மூன்று ஆண்டு. ஐந்தாவது, ஆறாவது இடத்தில் இருப்பவர் நிலைப்பது பெரும்பாலும் உதைக்கும் ஆட்டங்களில் முன்னோடி ஓடி எதிரியை விழுத்தும் வேலையால். மத்தியூ சிலேற்றர் பெயருக்கு ரிசீவர், வாழ்நாளில் பிடித்த பந்து ஒன்றே ஒன்று. ஆனால் அந்த வேலைக்காகப் பத்துத் தடவை, பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ போலுக்குத் தெரிவானார்.

யாருக்காவது காணொளி அனுப்புவதென்றால் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்ட துண்டு வேண்டாம். தொலைபேசியை ஆளின் உயரத்துக்கு மேலே, முடிந்தால் மேசைமேல் கதிரை வைத்து, எறிபவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். காலும் பந்தும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். நான்கு ரூட், ஒவ்வொன்றும் ஐந்து தடவை, நழுவவிட்டதையும் சேர்த்து. பிறகு 40 யார்ட் ஓட்டம், அதாவது 36.58 மீற்றர், நாடாவால் அளந்து. என்.எஃப்.எல். தேர்வு முகாமில் 2024இல் சேவியர் வேர்த்தி ஓடிய 4.21 செக்கன் அங்கே அதுவரை பதிவான மிகக் குறைந்த நேரம். கையால் அமுக்கும் நிறுத்தற்கடிகாரம் மின்கருவியை விட 0.2 செக்கன் அளவு குறைத்துக் காட்டும். ஆகவே செக்கனுக்கு 60 ஃபிரேமில் பக்கவாட்டில் படம் பிடித்து, முதல் அசைவிலிருந்து மார்பு கோட்டைத் தாண்டும்வரை ஃபிரேம்களை எண்ணி 60ஆல் பிரியுங்கள். நேரத்தோடு, எப்படி அளந்தது, எந்தத் திசைக் காற்று, எந்த நிலம் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.